காண்டாக்டும் காலண்டரும் போனிலிருந்து கணினிக்கு: எந்த வழி யாருக்கு ஒத்துவரும்?

போனையும் கணினியையும் கேபிளால் இணைக்கிறோம். போனின் ஃபோல்டர்கள் திரையில் வரிசையாக வருகின்றன. படங்கள் இருக்கின்றன, பாட்டு இருக்கிறது, எப்போதோ இறக்கிய பிடிஎஃப் கூட இருக்கிறது. ஐந்நூறு பேரின் எண்களை மட்டும் காணோம். முதல் முறை நானும் அரைமணி நேரம் ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து தேடினேன்.

படம் என்பது ஒரு ஃபைல். காண்டாக்ட் அப்படி அல்ல. அது போனுக்குள் ஒரு தரவுத்தளத்தில் ஒரு வரியாக உட்கார்ந்திருக்கிறது. ஆண்ட்ராய்டோ ஐபோனோ, அந்தத் தரவுத்தளத்தை இயங்குதளம் பூட்டி வைத்திருக்கிறது. அனுமதி பெற்ற செயலிகள்தான் அதைத் தொட முடியும். காலண்டருக்கும் இதே நிலைமைதான். அதனால் படத்தை இழுத்துப் போடுவதுபோல் இவற்றை இழுத்துப் போட முடியாது. போனிடம் சொல்லி எல்லாவற்றையும் ஒரு ஃபைலாக எழுதி வாங்க வேண்டும். அல்லது போனும் கணினியும் ஒரே இடத்தைப் பார்க்கும்படி இணைத்துவிட வேண்டும்.

இந்த இரண்டும் வேறு வேறு வேலை. முதலாவது நகல் எடுப்பது. எடுத்த நிமிடத்தில் இருந்தது இருந்தபடி வரும்; மறுநாள் போனில் ஓர் எண்ணை மாற்றினால் கணினிக்குத் தெரியாது. இரண்டாவது ஒத்திசைவு, பேச்சுவழக்கில் சிங்க். ஓரிடத்தில் மாற்றினால் மற்ற இடங்களிலும் மாறும். ஓரிடத்தில் அழித்தால் மற்ற இடங்களிலும் அழியும். இந்தக் கடைசி வாக்கியத்தை மனதில் வாங்கிக்கொள்ளாமல் சிங்க்கை பேக்கப் என்று நம்பியவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். எனவே வழிகளை ஒப்பிடும்போது “எது சுலபம்” என்பதோடு “எது நகல், எது சிங்க்” என்ற கேள்வியையும் கூடவே வைத்திருக்கப் போகிறேன்.

முதலில், எண்கள் எங்கே இருக்கின்றன?

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. இதைச் செய்யாமல் விட்டதால் எனக்கே ஒரு முறை பெரிய இழப்பு. போன் கீழே விழுந்து திரை செத்துவிட்டது. கூகுள் கணக்கில் எல்லாம் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தேன். புதிய போனில் கணக்கைச் சேர்த்தபோது பாதிப் பேர்தான் வந்தார்கள். மீதிப் பேரை “போனில்” என்ற இடத்தில் சேமித்திருக்கிறேன். அது எந்தக் கணக்கோடும் சேராதது. திரை இல்லாத போனில் பூட்டைத் திறக்க வழியில்லை. திறக்காத போன் கணினிக்கு எதையும் தராது. இரண்டு வருடமாகச் சேர்ந்த எண்கள் போயின. அதில் சிலரை இன்றுவரை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஆண்ட்ராய்டில் ஒரு காண்டாக்ட் கூகுள் கணக்கில் இருக்கலாம், போனின் சொந்த நினைவகத்தில் இருக்கலாம், சிம்மில் இருக்கலாம், அலுவலகக் கணக்கில் இருக்கலாம். பட்டியல் எல்லாவற்றையும் கலந்தே காட்டும். காண்டாக்ட்ஸ் செயலியில் கணக்கு வாரியாகப் பிரித்துப் பார்க்கும் வசதி இருக்கிறது. அதில் போய் ஒவ்வோர் இடத்திலும் எத்தனை பேர் என்று பாருங்கள். புதிய எண் சேர்க்கும்போது எங்கே போய்ச் சேர வேண்டும் என்ற இயல்பு அமைப்பையும் அப்படியே கணக்குக்கு மாற்றிவிடுங்கள். ஐபோனிலும் ஐகிளவுட், கூகுள், அலுவலகக் கணக்கு என்று தனித்தனிப் பட்டியல்கள் இருக்கும். எண்ணிக்கையைக் குறித்து வையுங்கள். பிறகு சரிபார்க்க இந்த எண்ணிக்கை ஒன்றுதான் துணை.

அலுவலகக் கணக்கைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதற்குள் சேமித்த சொந்த எண்கள், வேலையை விட்டு அந்தக் கணக்கைப் போனிலிருந்து நீக்கும் நாளில் கணக்கோடு சேர்ந்தே போய்விடும். பல நிறுவனங்களின் அமைப்பில் தூரத்திலிருந்தே அழிக்கும் அதிகாரமும் நிர்வாகியிடம் இருக்கிறது. வீட்டாரின் எண்ணும் மருத்துவரின் எண்ணும் அங்கே இருந்தால் இன்றே வேறு இடத்துக்கு மாற்றுங்கள்.

ஃபைலாக எடுப்பது

நகல் வழியில் நான் முதலில் கைகாட்டுவது காண்டாக்டுகளை எழுதிவைக்கும் ஃபைல் வடிவமான விகார்டு. 1990களின் நடுவில் ஆப்பிள், ஏடி அண்ட் டி, ஐபிஎம், சீமென்ஸ் சேர்ந்து உருவாக்கிய வெர்சிட் என்ற கூட்டமைப்பில் பிறந்த வடிவம் இது. 2.1 பதிப்பு 1996இல் வந்தது, 3.0 1998இல், 4.0 2011இல். இத்தனை வருடம் கழித்தும் போன், கணினி, மின்னஞ்சல் செயலி என்று பெரும்பாலும் எல்லாமே இதைப் படிக்கின்றன. ஆண்ட்ராய்டின் காண்டாக்ட்ஸ் செயலியில் ஏற்றுமதி என்று கொடுத்தால் எல்லா எண்களும் ஒரே விகார்டு ஃபைலாக, விசிஎஃப் என்ற பின்னொட்டோடு வரும். ஐபோன்காரர்கள் ஐகிளவுட் தளத்தைக் கணினியில் திறந்து அங்கிருந்தே எடுக்கலாம். அதைக் கேபிள், மின்னஞ்சல், எது வழியாகவும் கணினிக்குக் கொண்டுபோகலாம், ஏனென்றால் இப்போது அது வெறும் ஃபைல். இணையம் வேண்டாம், கணக்கு வேண்டாம், பத்து வருடம் கழித்தும் திறக்கும்.

தமிழில் பெயர் வைத்திருப்பவர்கள் இங்கே ஒரு முறை அதிர்ச்சி அடைவார்கள். ஆண்ட்ராய்டு போன்கள் பல இன்றும் பழைய 2.1 பதிப்பில்தான் எழுதுகின்றன. அந்தப் பதிப்பு தமிழ் போன்ற எழுத்துகளை நேரடியாக எழுதாமல் ஒவ்வொரு பைட்டையும் சமக்குறியும் இரண்டு குறிகளுமாக மாற்றி எழுதும். யூடிஎஃப்-8 என்ற யூனிகோடு முறையில் ஒரு தமிழ்க் குறி 3 பைட். ஆக “க” என்ற ஓர் எழுத்து 9 குறிகளாக நீளும்; “கு” இரண்டு குறிகள் என்பதால் 18. ஃபைலை நோட்பேடில் திறந்தால் ஒரு பெயர்கூடத் தெரியாது, சமக்குறிகளின் காடுதான் தெரியும். பயப்பட வேண்டாம், எதுவும் கெடவில்லை. கையால் திருத்தப் போகாதீர்கள். சிக்கல் வருவது வேறிடத்தில்: நீண்ட பெயர் ஒரு வரிக்குள் அடங்காமல் அடுத்த வரிக்கு உடையும்போது, அதைச் சரியாக ஒட்டத் தெரியாத சில செயலிகள் பெயரைப் பாதியில் வெட்டிவிடுகின்றன. அப்படி நடந்தால், ஃபைலை முதலில் கூகுள் காண்டாக்ட்ஸில் இறக்குமதி செய்து, அங்கிருந்து மறுபடியும் விகார்டாக எடுங்கள். அது 3.0 பதிப்பில், தமிழைத் தமிழாகவே எழுதித் தரும்.

மைக்ரோசாஃப்டின் மின்னஞ்சல் செயலியான அவுட்லுக்கில் வேறொரு வேடிக்கை. பழைய டெஸ்க்டாப் அவுட்லுக்கில் ஐந்நூறு பேர் உள்ள ஒரு விசிஎஃப் ஃபைலைக் கொடுத்தால் முதல் ஆளை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவர்களை விட்டுவிடும். பிழைச் செய்தியும் வராது. அவுட்லுக்குக்குப் போக வேண்டுமென்றால், காற்புள்ளியால் பிரித்த அட்டவணை ஃபைலான சிஎஸ்வி வடிவம்தான் சரி. கூகுள் காண்டாக்ட்ஸ் ஏற்றுமதியில் அவுட்லுக்குக்கென்றே ஒரு சிஎஸ்வி இருக்கிறது.

ஆனால் சிஎஸ்வியை எக்செலில் திறந்து பார்த்துவிட்டுச் சேமிக்காதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். எக்செல் தொலைபேசி எண்ணை வெறும் எண் என்று நினைத்துக்கொள்ளும். முன்னால் உள்ள பூஜ்யம் போகும், நாட்டுக் குறியீட்டின் கூட்டல் குறி போகும், 11 இலக்கத்துக்கு மேல் போனால் அறிவியல் முறையில் சுருக்கிக் காட்டும். அப்படியே சேமித்தால் எண் எண்ணாக இருக்காது. தமிழ்ப் பெயர்களும் எழுத்துக்குறியாக்கம் தெரியாமல் திறந்தால் கிறுக்கலாக மாறும். பார்த்தே ஆக வேண்டுமென்றால் எக்செலின் தரவு இறக்குமதி வழியாக, எழுத்துக்குறியாக்கம் யூடிஎஃப்-8 என்றும் எண் உள்ள பத்தி உரை என்றும் சொல்லித் திறக்க வேண்டும். படங்களும் சிஎஸ்வியில் வராது. ஆகவே வேறு வழியே இல்லாத இடத்தில் மட்டும் சிஎஸ்வி.

ஃபைல் வழியின் குறை ஒன்றே ஒன்று, ஆனால் பெரியது: எடுத்த கணமே பழையதாகத் தொடங்கிவிடும். மூன்று மாதம் கழித்துத் திரும்ப எடுத்து, பழையதன் மேலேயே இறக்குமதி செய்தால் ஒவ்வொருவரும் இரண்டு பேராக நிற்பார்கள். இரட்டைகளை இணைக்கும் வசதி எல்லாவற்றிலும் இருக்கிறது, ஆனால் ஒருவருக்கு வீட்டு எண் மாறியிருந்தால் பழையதும் புதியதும் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். எது சரி என்று உங்கள் நினைவுதான் சொல்ல வேண்டும். தினசரிப் பயன்பாட்டுக்கு இது ஆகாது. பாதுகாப்புப் பிரதியாகவும், ஒரே முறை இடம் மாறும்போதும் இதைவிட நல்லது இல்லை.

கணக்கு வழியாகச் சிங்க் செய்வது

பெரும்பாலானோருக்கு நான் சொல்லும் பதில் இதுதான். கூகுள், ஐகிளவுட், மைக்ரோசாஃப்ட், மூன்றில் ஒன்று. போனில் கணக்கைச் சேர்த்து காண்டாக்ட், காலண்டர் இரண்டையும் இயக்கிவிட்டால் முடிந்தது வேலை. கணினியில் உலாவியைத் திறந்தால் எல்லாம் அங்கே இருக்கும். தட்டச்சுப் பலகையில் பெயர்களைத் திருத்துவது, ஐம்பது பேரை ஒரே குழுவில் போடுவது போன்ற வேலைகளைக் கணினியில் செய்தால் பத்து நிமிடம். போனில் செய்தால் ஒரு மாலைப் பொழுது.

மூன்றில் எது? உங்கள் போன் எது என்பதைவிட, அடுத்த போன் எதுவாக இருக்கலாம் என்று யோசியுங்கள். ஐகிளவுட் ஆப்பிள் கருவிகளுக்குள் மிக அழகாக ஓடும். ஆண்ட்ராய்டுக்கு மாறும் நாளில் அதைப் பெயர்த்தெடுக்க வேண்டியிருக்கும். கூகுள் கணக்கை ஐபோனிலும் சேர்க்கலாம், மேக்கிலும் சேர்க்கலாம், தண்டர்பேர்டு என்ற மின்னஞ்சல் செயலியிலும் சேர்க்கலாம். வீட்டில் இரண்டு வகைப் போன்களும் இருந்தால், அல்லது அடிக்கடி மாறுகிறவர் என்றால், கூகுள்தான் வசதி. நாள் முழுக்க அவுட்லுக்கில் வேலை செய்கிறவருக்கு மைக்ரோசாஃப்ட் கணக்கு பொருந்தும். முழு வீடும் ஆப்பிள் என்றால் ஐகிளவுட்டை விட்டு வெளியே போகக் காரணமே இல்லை.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஐபோனில் ஐகிளவுட்டும் கூகுளும் சேர்ந்தே காண்டாக்டுகளைச் சிங்க் செய்தால், அதோடு கேபிள் சிங்க்கும் இருந்தால், ஒரே ஆள் மூன்று இடத்திலிருந்து வருவார். ஒரு பட்டியலில் திருத்துவீர்கள், மற்றொன்றிலிருந்து பழைய எண் எட்டிப் பார்க்கும். மூலப் பிரதி ஒன்றுதான் என்று முடிவு செய்து, மற்றவற்றின் காண்டாக்ட் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். அணைக்கும் முன் அவற்றில் மட்டும் இருக்கும் ஆட்களை மூலப் பிரதிக்குள் கொண்டுவந்துவிடுங்கள்.

தவறி அழித்துவிட்டால்? கூகுள் காண்டாக்ட்ஸில் கடந்த 30 நாட்களுக்குள் எந்த நிலைக்கும் முழுப் பட்டியலையும் திருப்பிக் கொண்டுபோக முடியும். தனியாக அழித்தவையும் 30 நாள் குப்பைத் தொட்டியில் கிடக்கும். ஐகிளவுட் தளத்திலும் தரவு மீட்பு என்ற இடத்தில் பழைய நிலைகள் இருக்கின்றன. ஆனால் ஐகிளவுட்டில் காலண்டரை மீட்டால் ஏற்கெனவே அனுப்பிய அழைப்புகள் ரத்தாகி மறுபடியும் அனுப்பப்படும். இருபது பேர் அழைக்கப்பட்ட கூட்டம் ஏதாவது இருந்தால் அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது மரியாதை. 30 நாள் தாண்டியபின் கண்டுபிடித்த தவறுக்கு மேற்படி இரண்டும் உதவாது. அங்கேதான் அந்த விசிஎஃப் ஃபைல் கைகொடுக்கும்.

அந்தரங்கம் பற்றிய கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. காண்டாக்ட் பட்டியலில் இருப்பது உங்கள் தகவல் மட்டும் இல்லை. உங்களை நம்பி எண் கொடுத்த ஐந்நூறு பேரின் தகவல். ஆப்பிள் 2022 இறுதியில் மேம்பட்ட தரவுப் பாதுகாப்பைக் கொண்டுவந்து ஐகிளவுட்டில் பெரும்பாலானவற்றை நிறுவனமே படிக்க முடியாதபடி முழுக் குறியாக்கத்துக்குள் வைத்தது. அதிலும் மின்னஞ்சல், காண்டாக்ட், காலண்டர் மூன்றும் சேர்க்கப்படவில்லை. மற்ற செயலிகளோடு பேச வேண்டிய பொது நெறிமுறைகளில், அதாவது செயலிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் விதிகளில், இவை ஓடுவதால் அப்படி. ஆக, “பாதுகாப்பாகப் பூட்டிவிட்டேன்” என்று நினைப்பவரின் காண்டாக்டும் நிறுவனத்தால் படிக்கக்கூடிய நிலையில்தான் இருக்கிறது. இது உங்களுக்கு உறுத்தினால் அடுத்த இரண்டு வழிகளைப் பாருங்கள்.

கேபிள் வழி

ஒரு காலத்தில் இதுதான் ஒரே வழி. 1996இல் வந்த, பாம் நிறுவனத்தின் பைலட் என்ற கையடக்கக் கருவியைத் தொட்டிலில் வைத்து ஒரு பொத்தானை அழுத்தினால் கணினியோடு எல்லாம் சரியாகிவிடும். ஐபோனும் தொடக்கத்தில் ஐட்யூன்ஸ் வழியாகத்தான் காண்டாக்டையும் காலண்டரையும் கணினியோடு பரிமாறிக்கொண்டது. 2013இல் மேக் இயங்குதளத்தின் மேவரிக்ஸ் பதிப்பில் ஆப்பிள் இந்த நேரடிச் சிங்க்கை எடுத்துவிட்டது. பயனர்கள் கடுமையாக எதிர்த்தார்கள், 2014 மே மாதம் திரும்பவும் கொடுத்தது. இன்று மேக்கில் ஃபைண்டர் வழியாகவும், விண்டோஸில் ஆப்பிளின் செயலி வழியாக அவுட்லுக்கோடும் இது நடக்கிறது.

எண்கள் யாருடைய சர்வருக்கும் போகக் கூடாது, மேக்கும் ஐபோனும் இருக்கிறது என்பவருக்கு இது உண்மையிலேயே நல்ல வழி. முதல் முறை செய்யும்போது மட்டும் கவனம் வேண்டும்: “இந்தக் கருவியில் உள்ளதை மாற்றிப் போடு” என்ற தேர்வு இருக்கும், அதைத் தொட்டால் கணினியில் இருப்பது போனில் உள்ளதை அழித்துவிட்டு உட்காரும். எந்தப் பக்கம் புதியது என்று தெரிந்தபின் தொடுங்கள்.

ஆண்ட்ராய்டில் இப்படி உள்ளே பொருந்திய கேபிள் சிங்க் கிடையாது. தயாரிப்பாளர்கள் தரும் மாற்று மென்பொருள்களும், வேறு யாரோ விற்கும் மென்பொருள்களும் உண்டு. முன்பின் தெரியாத மென்பொருளுக்கு முழுக் காண்டாக்ட் பட்டியலையும் படிக்க அனுமதி தருவதற்குப் பதில், ஒரு விசிஎஃப் ஃபைலை எடுத்துக் கேபிளில் நகலெடுப்பது எவ்வளவோ மேல்.

சொந்தச் சர்வர்

கால்டேவ், கார்ட்டேவ் என்று இரண்டு நெறிமுறைகள். முதலாவது 2007இலும் இரண்டாவது 2011இலும் பொதுத் தரமாக வந்தன. காலண்டருக்கு ஒன்று, காண்டாக்டுக்கு ஒன்று. இவற்றைப் பேசும் சர்வரை நீங்களே வைத்துக்கொள்ளலாம். ராடிகேல் மிகச் சிறியது, பழைய கணினியிலும் ஓடும். நெக்ஸ்ட்கிளவுட் பெரியது, ஃபைல்களையும் சேர்த்து வைத்துக்கொள்ளும். ஐபோனில் இந்த நெறிமுறைகள் உள்ளேயே இருக்கின்றன. ஆண்ட்ராய்டில் டேவ்எக்ஸ்5 என்ற செயலி வேண்டும். கணினியில் தண்டர்பேர்டு இரண்டையும் நேரடியாகப் பேசுகிறது.

சரியாக அமைத்தால் கூகுள் கொடுப்பதற்கு அருகிலேயே வந்துவிடும், தரவு முழுக்க உங்கள் கையில். நான் இதை விரும்புகிறவன்தான். ஆனாலும் யாருக்கும் சட்டென்று பரிந்துரைப்பதில்லை. மென்பொருள் மேம்படுத்தல், பாதுகாப்புச் சான்றிதழ், வெளியிலிருந்து அணுகும் வழி, தினசரி பேக்கப் என்று எல்லாமே உங்கள் பொறுப்பு. வட்டு ஒன்று கெட்டுப்போகும் நாளில் கூப்பிட ஆள் கிடையாது. மாதம் ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்க மனமுள்ளவருக்கு மட்டும். இடைவழியாக, இந்த நெறிமுறைகளைத் தரும் சிறு மின்னஞ்சல் சேவைகளில் கட்டணம் கட்டிச் சேரலாம். சர்வர் தலைவலி அவர்களுடையது.

சிம், ப்ளூடூத்

சிம் கார்டில் வழக்கமாக 250 எண்கள் அளவுக்குத்தான் இடம். படம், முகவரி, பிறந்தநாள் எதுவும் போகாது. நீளமான தமிழ்ப் பெயர் பாதியில் வெட்டப்படும். சாதாரணப் பொத்தான் போனிலிருந்து எண்களை மீட்க வேண்டிய அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ப்ளூடூத் வழியாக ஆண்ட்ராய்டிலிருந்து விசிஎஃப் ஃபைலைக் கணினிக்கு அனுப்பலாம், கேபிள் கிடைக்காத நேரத்தில் உதவும். ஐபோன் இப்படி அனுப்பாது.

காலண்டர் தனிக் கதை

காண்டாக்டை மாற்றிப் பழகியவர் காலண்டரும் அப்படித்தான் என்று இறங்கினால் அடி வாங்குவார். காண்டாக்ட் ஒரு அட்டை. தப்பாக வந்தால் கண்ணுக்குத் தெரியும். காலண்டர் நிகழ்வு ஒரு வாக்குறுதி. தப்பாக வந்தால் அந்த நாள் கடந்தபின்தான் தெரியும்.

இதன் ஃபைல் வடிவம் ஐகாலண்டர், ஐசிஎஸ் என்ற பின்னொட்டோடு வரும். 1998இல் தரமானது, 2009இல் திருத்தப்பட்டது. முதல் தடை, போனிலிருந்தே அதை எடுக்க முடியாது என்பது. கூகுள் காலண்டரின் போன் செயலியில் ஏற்றுமதி இல்லை. கணினி உலாவியில் அமைப்புகளுக்குள் போனால்தான் ஒவ்வொரு காலண்டருக்கும் ஒரு ஐசிஎஸ் என்று ஜிப்பாகக் கட்டித் தரும். ஆப்பிளில் மேக்கின் காலண்டர் செயலி ஏற்றுமதி செய்யும். மேக் இல்லாதவர் ஐகிளவுட் காலண்டரைப் பொதுப் பகிர்வில் வைத்து அந்த இணைப்பிலிருந்து இறக்கலாம், ஆனால் அந்த நேரத்தில் இணைப்பு கையில் உள்ள யாரும் உங்கள் நாட்குறிப்பைப் படிக்க முடியும். இறக்கிய உடனே பகிர்வை அணையுங்கள்.

அடுத்தது நேர மண்டலம். ஒரு நிகழ்வு “உலகப் பொது நேரத்தில் இத்தனை மணி” என்று எழுதப்பட்டிருக்கலாம், “இந்த ஊரின் நேரம்” என்று எழுதப்பட்டிருக்கலாம், எந்த ஊரும் சொல்லாமல் வெறுமனே “காலை 9” என்றும் எழுதப்பட்டிருக்கலாம். மூன்றாவது வகை நீங்கள் எந்த நாட்டுக்குப் போனாலும் காலை 9 என்றே காட்டும். மாத்திரை நினைவூட்டலுக்கு அது சரி, வெளிநாட்டோடு பேசும் கூட்டத்துக்கு அது ஆபத்து. முழுநாள் நிகழ்வை நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை என்று எழுதிவைக்கும் செயலிகளும் உண்டு. நேர மண்டலம் மாறும்போது அது இரண்டு நாட்களில் பாதிப் பாதியாக விழும். உங்கள் திருமண நாள் திடீரென்று இரண்டு நாள் ஆகிவிட்டதென்றால் காரணம் இதுதான்.

திரும்பத் திரும்ப வரும் நிகழ்வுகளும் இதே போல. வாராவாரம் செவ்வாய் என்ற விதி ஒழுங்காகப் போய்விடும். “இந்த ஒரு வாரம் மட்டும் புதன்கிழமைக்கு மாற்றினோம்” என்ற விலக்குகள்தான் சில நேரம் தவறும். செவ்வாயும் புதனும் இரண்டும் நிற்கும். கூகுள் காலண்டரில் இறக்குமதி செய்தால் அழைக்கப்பட்டவர்களின் பட்டியலும் காணொலிச் சந்திப்பு இணைப்பும் வருவதில்லை. வரப்போகும் முக்கியமான கூட்டங்களின் இணைப்பைத் தனியாகக் குறித்துவையுங்கள். நினைவூட்டல்களையும் நம்பிவிட வேண்டாம், புதிய காலண்டரின் பொது அமைப்பைப் போய்ப் பாருங்கள்.

இறக்குமதி வேறு, இணைப்பு முகவரி கொடுத்துச் சந்தா சேர்வது வேறு. இறக்குமதி ஒரு நாளின் நகல். சந்தா தொடர்ந்து புதுப்பிக்கும், ஆனால் நீங்கள் திருத்த முடியாது. கூகுளில் மாற்றம் வந்து சேர 12 மணி நேரம் வரை ஆகலாம். விடுமுறைப் பட்டியல், விளையாட்டு அட்டவணைக்குச் சந்தா சரி. இன்று மாலைச் சந்திப்புக்கு அது ஆகாது.

பிறந்தநாள் காலண்டரை ஏற்றுமதி செய்ய மெனக்கெட வேண்டாம். அது காண்டாக்ட் அட்டைகளிலிருந்து தானாக உருவாவது. காண்டாக்ட் வந்து சேர்ந்தால் பிறந்தநாளும் பின்னாலேயே வரும். இரண்டையும் கொண்டுபோனால் ஒவ்வொருவருக்கும் இரண்டு முறை வாழ்த்துச் சொல்லச் சொல்லும்.

இவ்வளவு சிக்கல் இருப்பதால் காலண்டருக்கு ஃபைல் வழியை நான் கடைசித் தேர்வாகவே வைக்கிறேன். காண்டாக்டுக்கு நகல் போதும் என்கிறவரும் காலண்டருக்குக் கணக்கு வழிச் சிங்க்கைத் தேர்ந்தெடுப்பது நல்லது. நாளுக்கு நாள் மாறும் விஷயத்தை நகலெடுத்துத் துரத்த முடியாது. ஃபைல்தான் என்றால், நேரே பழைய காலண்டருக்குள் கொட்டாமல் “சோதனை” என்று புதிய காலண்டர் ஒன்றை உருவாக்கி அதில் இறக்குமதி செய்யுங்கள். தப்பாக வந்தால் அந்தக் காலண்டரை மொத்தமாக அழித்துவிட்டு மறுபடியும் முயலலாம். காண்டாக்டில் கூகுள் இதைத் தானாகவே செய்கிறது: இறக்குமதி செய்த தேதியோடு ஒரு லேபிள் ஒட்டிவிடும், கோளாறு என்றால் அந்த லேபிளில் உள்ளவர்களை மட்டும் நீக்கலாம்.

அப்படியென்றால் எது?

போன் மாறுகிறது, கணினி ஒன்று இருக்கிறது, எல்லாம் எங்கும் ஒரே மாதிரி இருந்தால் போதும் என்பவருக்குக் கணக்கு வழி. அதில் குழப்பிக்கொள்ள எதுவும் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை காண்டாக்டை விகார்டாகவும் காலண்டரை ஐசிஎஸ்ஸாகவும் எடுத்து, தேதியைப் பெயராகப் போட்டுக் கணினியில் வைத்துக்கொண்டால் 30 நாள் தாண்டிய தவறுகளும் மீட்கக்கூடியவையாகின்றன. நானும் இப்படித்தான் வைத்திருக்கிறேன். ஒரு முறைக்கு ஐந்து நிமிடம்கூட ஆவதில்லை.

காண்டாக்ட் வெளியே போகக் கூடாது என்பது உங்கள் தொழிலிலேயே இருந்தால், வழக்கறிஞர், மருத்துவர், செய்தியாளர் போன்றவர்களுக்கு, மேக்கும் ஐபோனும் இருந்தால் கேபிள், ஆண்ட்ராய்டு என்றால் சொந்தச் சர்வர் அல்லது விகார்டு. வாடிக்கையாளர்கள் அல்லது நோயாளிகளின் எண்களை மட்டும் பிரித்துத் தனியே வைத்து, மற்றவர்களைக் கணக்கில் விடுவதும் நடைமுறைக்கு ஒத்த ஏற்பாடு.

வயதான பெற்றோரின் போனை நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்கள் என்றால் கண்டிப்பாகக் கணக்கு வழி. அவர்கள் தவறி அழித்ததை உங்கள் கணினியிலிருந்து, அவர்களின் அனுமதியோடு, மீட்டுத் தர முடியும்.

மாற்றி முடித்தபின் எண்ணிக்கையைத் தொடக்கத்தில் குறித்ததோடு ஒப்பிடுங்கள். பிறகு ஐந்து பேரைத் திறந்து பாருங்கள்: தமிழில் பெயர் உள்ள ஒருவர், இரண்டு எண் உள்ள ஒருவர், வெளிநாட்டு எண் உள்ள ஒருவர், குறிப்பு எழுதிவைத்த ஒருவர், மிகப் பழைய ஒருவர். முதல் பெயரும் கடைசிப் பெயரும் இடம் மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். காலண்டரில் ஒரு முழுநாள் நிகழ்வு, ஒரு வாராந்திர நிகழ்வு, அடுத்த ஆண்டில் உள்ள ஒரு நிகழ்வு. இவை சரியாக இருந்தாலும் பழைய போனை ஒரு மாதம் அழிக்காமல் வையுங்கள். மாதம் ஒரு முறை மட்டும் வரும் நினைவூட்டல் ஏதாவது இருக்கும். அது புதிய போனில் சரியான நாளில், சரியான நேரத்தில் ஒலித்ததைக் கேட்டபின் பழையதை அழிக்கலாம்.